துயரம் மட்டுமா முதுசொம்?

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமையை 1707ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்தெழுதினார். அச்சட்டம் ஒரு குடும்பத்தின் உடைமையை மூன்றாக வகுக்கும். பெற்றோர் வழியே வந்து சேர்வது முதுசொம். மணம்புரிந்து செல்லும் மகளுக்கு அளிக்கப்படுவது சீதனம். கணவனும் மனைவியும் தம் உழைப்பால் ஈட்டுவது தேடியதேட்டம். வயலும் வளவும், நகையும் மாடும், பனையும் கிணறும் இம்மூன்றனுள் ஏதேனுமொன்றில் அடங்கிவிடும். ஆயின் எதனுள்ளும் அடங்காத உடைமை ஒன்றுண்டு. தகப்பன் தன் பத்தாவது வயதில் எதிலே தன்னை மறந்திருந்தான், தாய் தன் பன்னிரண்டாவது வயதில் எதன்பொருட்டு உச்சிவெயிலையும் பொருட்படுத்தாதிருந்தாள் என்பதே அது. அவ்வுடைமைக்கு எந்த நொத்தாரிசும் உறுதி எழுதுவதில்லை. உறுதி எழுதப்படாமையினாலேயே அது கைமாறாமல் அழிந்தும் போகின்றது.

கிளிநொச்சி மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்றாகிய கண்டாவளையில் இவ்வழிவு இன்று கண்முன்னே நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. கனகராயன் ஆறு சுண்டிக்குளக் கடனீரேரியை நோக்கி இறங்கிவரும் வழியில், வயலும் வெளியும் வடலியுமாக விரிந்து கிடக்கும் நிலம் இது. 2008இன் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் இந்நிலத்து மக்கள் பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். பெயர்ந்தோர் அனைவரும் திரும்பினாரல்லர். திரும்பியோர் கூரையற்ற சுவர்களையே கண்டனர். மீண்டும் சேர்த்தவற்றுட் பலவற்றை 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது பெருகிய வெள்ளம் கொண்டுசென்றது. போரும் வெள்ளமும் எடுத்துச்செல்ல முடியாத பொருள் ஒன்றே. அது மனத்தில் இருந்தது. அந்த ஒன்றைத்தான் இன்று பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்காது வைத்திருக்கின்றனர். இது கவலைக்குரியது என்று சொல்லி அமைதல் போதாது. இது தவறு என்றே சொல்லப்படவேண்டும்.

கண்டாவளைப் பிரிவு ஒரே அச்சில் வார்க்கப்பட்டதன்று. புளியம்பொக்கணை நாகதம்பிரான் ஆலயத்தின் பங்குனி உத்தரப் பொங்கலைத் தம் ஆண்டின் மையமாகக் கொண்ட பழைய வன்னிக் குடிகள் இங்குள்ளனர். இரணைமடுவின் நீரை நம்பிக் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் கழனி கண்டோரின் வழித்தோன்றல்கள் உள்ளனர். 1977ஆம் ஆண்டின் இன வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து உயிர்தப்பி வந்து தருமபுரம் முதலிய இடங்களில் வேரூன்றிய குடும்பங்களும் உள்ளன. ஒரு சாரார் காத்தவராயன் கூத்தின் உடுக்கொலியில் விடியும்வரை விழித்திருந்த சிறுவர். ஒரு சாரார் தைப்பொங்கல் காலத்து வாடைக்காற்றில் கொடிப்பட்டமும் எட்டுமூலையும் ஏற்றி, அவற்றில் பூட்டிய விண் இரவெல்லாம் கூவக் கேட்டுறங்கிய சிறுவர். மற்றொரு சாரார் மாசிப் பனியில் காமன்கூத்தின் தப்பொலிக்குப் பின்னால் ஓடிய சிறுவர். மூன்று செல்வங்கள் ஒரே பாடசாலை வகுப்பறையில் அடுத்தடுத்து அமரும் பிள்ளைகளுக்கு உரியனவாய் இருந்தும், அப்பிள்ளைகளுள் மிகப் பலர் மூன்றில் ஒன்றையேனும் அறியாதிருப்பது எதனால்?

இவ்வினாவுக்கு ஆயத்தமாக ஒரு விடை வைக்கப்பட்டிருக்கின்றது. ‘இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியே கதி’ என்பது அவ்விடை. இப்புலம்பல் கேட்காத சனசமூக நிலையம் இல்லை; பெற்றார் கூட்டம் இல்லை. குற்றவாளிக் கூண்டில் பிள்ளை நிறுத்தப்படுகின்றது. பெற்றோரே வழக்காளியும் சாட்சியும் நீதவானுமாகின்றனர். வழக்கைத் திருப்பி விசாரித்தல் வேண்டும். கிளித்தட்டைத் தானாகவே கண்டுபிடித்த பிள்ளை எங்கும் பிறந்ததில்லை. மணலிற் கோடு கீறவும், கோடு மறிப்பவனின் கை படாது பாயவும், நடுக்கோட்டில் ஓடிவரும் கிளியின் கண்ணைத் தப்பவும் ஒருவர் காட்ட மற்றவர் பழகியதே அவ்விளையாட்டின் வரலாறு. காட்டாதவர், பழகாதவரைக் குற்றஞ்சாட்டுவது எந்த நியாயத்தின்பாற்படும்? வெற்றுக் கையில் ஏதேனுமொரு பொருள் வந்து அமரத்தான் செய்யும். கைத்தொலைபேசி பிள்ளையின் கையிலிருந்து கொக்கான் கல்லைப் பறித்துவிட்டு அங்கு வந்து அமரவில்லை. அக்கை வெறுமையாயிருந்தபோதே வந்தது. அதனை வாங்கிக் கொடுத்தவரும் அப்புலம்பலைப் பாடுபவரே என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

‘எங்களுக்கு எங்கள் தகப்பன்மார் பட்டம் கட்டிப் பழக்கினார்களா? பார்த்துத்தானே பழகினோம்?’ என்று வினவுவோர் உளர். இவ்வினா அலட்சியப்படுத்தத்தக்கதன்று, சிக்கலின் முடிச்சு இதனுள்ளேயே கிடக்கின்றது. முற்காலத்தில் விளையாட்டைக் கைமாற்றியவர் பெரும்பாலும் பெற்றோர் அல்லர் என்பது உண்மை. பத்து வயதுச் சிறுவன் பதினான்கு வயது அண்ணனிடம் பழகினான். அவன் ஆறு வயதுத் தம்பிக்குப் பழக்கினான். ஒழுங்கையே பாடசாலை, மூத்த பிள்ளைகளே ஆசிரியர். இச்சங்கிலியில் ஒரு வளையமும் அறாதவரை தகப்பன் வயலில் நின்றாலும் பட்டம் வானில் ஏறியது. ஆயின் வன்னியில் அச்சங்கிலி அறுந்தது. ஊர்கள் கலைந்தன, ஓர் ஒழுங்கையில் வாழ்ந்த ஏழு குடும்பங்கள் ஏழு திசைகளிற் சிதறின, மூத்த பிள்ளைகளாய் நின்று பழக்கியிருக்கவேண்டிய வயதினர் களத்திலும் பதுங்குகுழியிலும் மாண்டனர், காணாமற்போயினர், கடல் கடந்தனர். எஞ்சிய சிறுவர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில், முள்வேலிக்குள், வரிசையாக நட்ட கூடாரங்களுக்கிடையே வளர்ந்தனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரில் முற்றாக மூடப்பட்டபோது குடும்பங்கள் வெளியேறின. அறுந்த சங்கிலி தானாகப் பொருந்திவிடவில்லை. அண்ணன்மார் இல்லாத ஒழுங்கைக்கே பிள்ளைகள் திரும்பினர். ஆகவே தம் தகப்பன்மார் செய்யாத ஒன்றை இன்றைய தகப்பன்மார் ஏன் செய்யவேண்டும் என்பதற்கு விடை இதுவே: அண்ணன் நின்ற இடம் வெறுமையாயிற்று, அவ்விடத்தில் நிற்க வேறு எவருமில்லை.

இனி, இப்பெற்றோர் கொடுப்பதற்கு ஒன்றுமற்றவரா என நோக்குதல் தகும். இன்று நாற்பதை அணுகும் ஒரு தகப்பன் உதாரணமாகக் கொள்ளத்தக்கவன். 1990 முதல் ஏறத்தாழ இரு தசாப்தங்கள் வன்னி, தேசிய மின்வலையமைப்பின் வெளிச்சத்தைக் கண்டதில்லை. பொருளாதாரத் தடையினால் வானொலிக்கு வேண்டிய பற்றரியும் கிடைப்பதரிதாயிற்று. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, சில்லோடு உரசிய தைனமோவிற் பிறந்த மின்னைக் கம்பிவழி வானொலிக்கு ஊட்டினர் அக்காலத்து மக்கள். பெரியோர் பி.பி.சி. தமிழோசையின் செய்திக்குச் செவிசாய்த்திருக்க, சிறுவர் முறைவைத்துச் சுழற்றினர். வேகம் குறைந்தால் குரல் தேயும். வேகம் மிகுந்தாற் கருவி பழுதாகும் என்று பெரியோர் அதட்டுவர். சீரான வேகம் எதுவென அக்கைகள் அறிந்திருந்தன. செய்தி முடிந்தபின் ஒரு பாட்டுக்கு அனுமதி கிடைக்கும். அந்த ஒரு பாட்டின்பொருட்டே அவ்வளவு உழைப்பும்.

அத்தகப்பனின் மகன் இன்று விஞ்ஞான பாடத்தில் மின்காந்தத் தூண்டலைப் படிக்கின்றான். நிலைபேறான காந்தம், சுருள், தேனிரும்பு அகணி எனப் பாகங்களைப் பெயர்குறித்து மனனஞ் செய்கின்றான். ஒரு சுவருக்கு அப்பால் தகப்பன் மௌனமாக அமர்ந்திருக்கின்றான். என்றேனும் மகன் பழங்காலத்தைப் பற்றிக் கேட்டாலும், ‘அது அந்தக் காலம், தம்பி. நீ படி’ என்பதே விடை. எதைப் படிக்கும்படி ஏவுகின்றானோ அதனைத் தன் கைகளில் வைத்துக்கொண்டே ஏவுகின்றான்! இதனைவிட நகைப்புக்கும் துன்பத்துக்கும் ஒருங்கே இடமளிக்கும் காட்சி வேறு எங்கேனும் உண்டோ? தாயின் நிலையும் இதுவே. தடைக்காலத்தில் வெள்ளைக் காகிதம் கிடையாமையால் கோடிட்ட கொப்பித்தாளில் அச்சாகிய பத்திரிகைகளையும் நூல்களையும் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்த பெண்கள் பலர். கோட்டுக்கும் எழுத்துக்கும் இடையே கண் தடுமாற வாசித்த அந்த ஆசையைப் பற்றி அவர்கள் தம் மகளிடம் சொன்னதில்லை. ‘வாசி, வாசி’ என்ற கட்டளையை மாத்திரம் சொல்லியிருக்கின்றனர்.

இம்மௌனத்தைப் பேணுவோர் மூன்று நியாயங்களைக் காட்டுவர். அவை தனித்தனியே ஆராயப்படவேண்டியவை.

முதலாவது நியாயம் துயரம். ‘கசப்பான காலத்தைப் பிள்ளைகளுக்கு ஏன் நினைவூட்டவேண்டும்? அது எங்களோடு முடியட்டும்’ என்பர். அன்பிலிருந்து எழும் வாதம் என்பதால் இது கனிவோடு நோக்கப்படவேண்டியது; ஆயினும் இது பிழையான வாதம். போர் தனிமனிதரை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் ஒரு கூட்டாகக் காயப்படுத்துகின்றது என்பதையும், மௌனமும் அவநம்பிக்கையும் அக்காயத்தின் அறிகுறிகள் என்பதையும் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடபுலத்து அனுபவத்தைக்கொண்டு விரிவாக எழுதியுள்ளார். மௌனம் மருந்தன்று, அது நோயின் ஒரு பகுதி. அன்றியும், மௌனத்தினால் துயரம் மறைந்துவிடுகின்றதா? இல்லை. துயரம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். ஆண்டுதோறும் வைகாசியில் ஏற்றப்படும் தீபத்தில், சுவரில் மாலையிட்டுத் தொங்கும் படத்தில், நள்ளிரவில் திடுக்கிட்டெழும் தாயின் முகத்தில் பிள்ளை அதனைப் படித்துக்கொள்கின்றது. இழப்பின் திகதிகள் பிள்ளைக்குத் தெரியும். தெரியாதது, அதே ஆண்டுகளில் அதே மண்ணில் தன் தகப்பன் எதற்காகச் சிரித்தான் என்பது. அந்த ஆண்டுகளிற் சிரிப்பும் இருந்தது. பதுங்குகுழியின் வாயில் கொக்கான் வெட்டிய சிறுமியர் இருந்தனர். இடம்பெயர்ந்த மரநிழலில் நாயும் புலியும் ஆடக் கட்டம் கீறிய சிறுவர் இருந்தனர். அதனை மறைப்பவர் தம் பிள்ளையைத் துயரத்திலிருந்து காக்கவில்லை; முதுசொத்திலிருந்து மகிழ்ச்சியைக் கழித்துவிட்டு எஞ்சியதை மாத்திரம் எழுதிக்கொடுக்கின்றனர்.

புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய முதியவரின் இயற்பெயர் எவருக்கும் தெரியாது. கையிலூன்றிய தண்டைக்கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் எனப்பட்டார். இளமையில் மணற்பாவை செய்து ஆடியதையும், மருதமரக் கிளையேறிக் குதித்து மடுவின் அடியிலிருந்து மணலை அள்ளி வந்ததையும் இருமலுக்கிடையே அவர் சொல்லியிருக்கின்றார். அவர் காலத்திலும் போர் இருந்தது, பஞ்சம் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழர் அம்முதியவரை நினைப்பது அவர் ஒரு மடுவிற் குதித்ததற்காக. அவர் வாய்திறந்ததனாலேயே அந்த மடு இன்னும் வற்றாதிருக்கின்றது.

இரண்டாவது நியாயம் பரீட்சை. ஐந்தாந்தரப் புலமைப் பரிசிற் பரீட்சை தொடங்கி உயர்தரம் வரை பிள்ளைக்கு மூச்சுவிட நேரமில்லை. விடியலில் ஒரு ரியூசன், அந்தியில் ஒரு ரியூசன். சொந்தமாகக் காணியும் தொழிலும் இல்லாத குடும்பங்களுக்குக் கல்வியே தப்பிச்செல்லும் வழி என்பதை எவரும் மறுக்கவியலாது. ஆனால் கல்வி யாது என்பதில் இப்பெற்றோர் தடுமாறிவிட்டனர். பட்டத்துக்கு முச்சை கட்டுதல் எளிதன்று. மேற்கயிறு சற்றுக் குறைந்தால் பட்டம் படுத்துவிடும். கூடினால் குத்தி விழும். வால் இலேசானாற் சுழலும். பாரமானால் ஏற மறுக்கும். ஒருமுறை விழுந்ததை எடுத்து, பிழை எங்கேயென ஆராய்ந்து, அரை விரற்கடை மாற்றிக் கட்டி, மீண்டும் காற்றுக்குக் கொடுக்கின்ற சிறுவன் விஞ்ஞானியின் வேலையையே செய்கின்றான். பரீட்சைத் தாளில் பிழைவிட்ட பிள்ளைக்குப் புள்ளி குறையும், அவ்வளவே. பட்டத்திற் பிழைவிட்ட பிள்ளைக்கு மறுபடியும் கட்ட மனம் வரும். பிள்ளைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை 1991இல் அதனை ஏற்றுறுதிப்படுத்தியது. அரசு ஏற்றுக்கொண்டதை வீடு ஏற்றுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணித்தியாலங்களைத் தம் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க அஞ்சும் பெற்றோர், அப்பிள்ளையின் எதிர்காலத்துக்காகவே எல்லாம் செய்வதாக உரைப்பது விந்தையே.

மூன்றாவது நியாயம் நேரமின்மை. இதில் இரு சாராரைப் பிரித்தறிதல் நேர்மையாகும். போரிற் கணவனை இழந்து, விடியுமுன் கூலிக்குப் புறப்பட்டு இருட்டியபின் வீடு சேரும் தாய்மார் கண்டாவளையில் உள்ளனர். அவர்மீது இக்குற்றச்சாட்டைச் சுமத்துவது பாவம். நுண்கடன் தவணைக்கு நாளெண்ணும் வீட்டில் விளையாட்டைப் பற்றி உபதேசிப்போர் முதலில் அக்கடனைப் பற்றிப் பேசவேண்டும். ஆயினும் அவ்வீடுகளிலேதான் சிலவேளைகளில் கைமாற்றம் ஓசையின்றி நிகழ்கின்றது. பனையோலையிற் பெட்டி இழைக்கும் தாய், மிஞ்சிய சார்வோலையில் மகளுக்கு ஒரு கிலுகிலுப்பையோ காற்றாடியோ முடைந்து கொடுக்கின்றாள். மகள் அதனைப் பிரித்துப் பார்த்து மறுபடி முடைகின்றாள். தொழிலுக்குள்ளேயே பகிர்வு அமைந்துவிடுகின்றது. உண்மையில் இக்கண்டனத்துக்கு உரியோர் வேறொரு சாரார். மாதச் சம்பளமும் விடுமுறை நாளும் உடையோர். மாலையில் முற்றத்துக் கதிரையில் அமர்ந்து வெளிநாட்டு உறவினரோடு தம் இளமைக்காலத்துப் பாலைப்பழத்தையும் வீரைப்பழத்தையும் உலுவிந்தம்பழத்தையும் மணிக்கணக்கில் தொலைபேசியில் நினைவுகூர்வோர். பகிரத் தெரியாதவரல்லர் அவர். கனடாவிலும் சுவிஸிலும் உள்ள ஒத்த வயதினரோடு பகிர்கின்றனர். அருகில் நிற்கும் பிள்ளையோடு மாத்திரம் பகிர்வதில்லை.

காட்டுப் பழங்களைப் பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டும். 2009இன் பின்னர் வன்னிக் காட்டோரங்களில் மண்டையோடு பொறித்த செந்நிறப் பலகைகள் மிதிவெடியை எச்சரித்து நின்றன. ‘அந்தப் பக்கம் போகாதே’ என்பதே அக்காலத்துப் பிள்ளைகள் காட்டைப் பற்றிப் பெற்ற முதற் பாடம். அப்பாடம் அவசியமாயிருந்தது, அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் கண்ணிவெடியகற்றுவோர் நிலத்தைத் துப்புரவாக்கி ஒப்படைத்த இடங்களிலும் அப்பாடம் மாற்றி எழுதப்படவில்லை. எம்மரம் பாலை, எம்மரம் வீரை, எம்மாதத்தில் எது பழுக்கும் என்று கைபிடித்து அழைத்துச்சென்று காட்டவேண்டியவர் வீட்டுக்குள் இருந்துவிட்டனர். மண்ணுக்குள் இருந்த வெடி எடுக்கப்பட்ட பின்னும் மனத்துக்குள் இருந்த பலகை எடுக்கப்படவில்லை.

மௌனம் காப்போர் இவ்வாறிருக்க, மறுபுறம் ஆரவாரம் செய்வோரும் உளர். பண்பாட்டு விழாக்களில் வாழையும் தோரணமும் கட்டி, உரலும் உலக்கையும் அடுக்கி, மாணவருக்கு வேட்டி உடுத்தி, கிட்டியும் புள்ளும் கையிற் கொடுத்து மேடையேற்றி மரபைக் காத்துவிட்டதாகப் பெருமூச்சு விடுகின்றனர். ஆசிரியர் பழக்குகின்றார், பிள்ளை ஆடிக்காட்டுகின்றது, தகப்பன் கீழே நின்று கைத்தொலைபேசியிற் படம் பிடிக்கின்றான். அவனுக்குத் தெரிந்த விளையாட்டை அவனுடைய பிள்ளைக்கு மற்றொருவர் கற்பித்து அவனுக்கே காட்டுகின்றார்! விழா முடிந்ததும் கிட்டியும் புள்ளும் பாடசாலைக் களஞ்சியத்துக்குத் திரும்புகின்றன. போட்டிக்கும் சான்றிதழுக்கும் உரியதாகிவிட்ட விளையாட்டு, பிள்ளைக்கு இன்னொரு பாடமே.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை நவீன மேடைக்கேற்பச் செம்மைப்படுத்தி அளித்த பணி ஈழத்து அரங்க வரலாற்றிற் பெரும் பணி. அதனைக் குறைத்துரைத்தல் நன்றிகொன்ற செயலாகும். ஆயின் அம்மேடையில் ஆடிய சி. மௌனகுரு போன்றோர் மட்டக்களப்பு மண்ணில் இளமையிலேயே கூத்தோடு பழகியவர்கள் என்பது மறக்கற்பாலதன்று. பல்கலைக்கழகம் செம்மைப்படுத்திற்று, விதைத்தது ஊர். களரியின் ஓரத்தில் தகப்பனின் மடியிற் படுத்துத் தூக்கக் கலக்கத்தில் மத்தளத்தைக் கேட்ட பிள்ளைக்கே தாளம் உடம்பில் ஏறும். எந்த நிறுவனமும் அந்த மடிக்கு ஈடாகாது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டப்படும். பகிர்தல் வேறு, திணித்தல் வேறு. தான் ஆடமுடியாத துடுப்பாட்டத்தை மகன் ஆடியே தீரவேண்டும் என்றும், தனக்குக் கிட்டாத நடனத்தை மகள் அரங்கேற்றியே தீரவேண்டும் என்றும் நெருக்கும் பெற்றோர் தம் இளமையைப் பகிரவில்லை. தம் கடனைப் பிள்ளையின் தலையில் வைக்கின்றனர். இரண்டையும் வேறுபிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. பகிர்பவரின் முகத்தில் மகிழ்ச்சி இருக்கும்; பிள்ளை விட்டுவிட்டு எழுந்து போனாலும் அவர் தாமே தொடர்ந்து ஆடிக்கொண்டிருப்பார். பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்தில், சிறுமியர் மணலிற் கட்டிய சிறுவீட்டைச் சிதைக்கவேண்டாமெனப் பாட்டுடைக் குழந்தையிடம் இரந்து நிற்பர். சிதைப்பதையும் ஒரு பருவமாக வகுத்து அதனைப் பாடி மகிழ்ந்தது தமிழ் மரபு. பிள்ளை பழைய விளையாட்டின் விதியை மாற்றலாம். எட்டுமூலைப் பட்டத்தில் மின்விளக்குப் பூட்டலாம். முழுவதையும் உதறிவிட்டு வேறொன்றை நாடலாம். அவ்வுரிமை பிள்ளைக்குண்டு. ஆயின் ஏற்கவோ மறுக்கவோ முதலில் ஒன்று நீட்டப்படவேண்டும். நீட்டப்படாத கையைப் பிள்ளை தட்டிவிட்டது என்று குறைசொல்லுவதற்கில்லை.

வயலும் வளவும் பெற்றோரின் மறைவுக்குப் பின்னரும் பிள்ளைகளைச் சென்றடையும். அதற்குச் சட்டம் உண்டு, நீதிமன்றம் உண்டு. இளமையின் ஈடுபாடு அவ்வாறன்று. அதனை உடையவர் உயிரோடிருக்கையில், கையும் காலும் இயங்குகையில், பிள்ளையும் பிள்ளையாக இருக்கையில் கொடுத்தாலன்றி அது எவரையும் சென்றடையாது. கண்டாவளையிற் போருக்கு முன்னரும் போருக்குள்ளும் சிறுவராயிருந்தோர் இப்போது நடுவயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கின்றனர். இரண்டு காலங்களும் சந்திக்கும் இடைவெளி சில ஆண்டுகளே.

அடுத்த தையில் வாடைக்காற்று கண்டாவளை வெளியில் வழமைபோல் வீசும். ஈர்க்கும் தாளும் நூலும் விலைமதிப்பற்ற பொருள்களல்ல. தகப்பன் மணலில் அமர்ந்து, தன் கையால் முச்சையைக் கட்டி, பிழைத்தால் அவிழ்த்து, பிள்ளை பார்க்கத் திரும்பவும் கட்டவேண்டும். பழைய கதையைச் சொல்ல விரும்பாதவன் சொல்லாதிருக்கட்டும். நூலைப் பிள்ளையின் கையிற் கொடுத்தாற் போதும். அதுகூட முடியாதென்போர், ‘இக்காலத்துப் பிள்ளைகள்’ என்று தொடங்கும் புலம்பலை இன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.